செவ்வாயின் உப்பும் நந்திக்கடலின் உவர்நிலமும்

செவ்வாய்க் கோளைப் பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் மனிதர் அங்கே எப்போது சென்று இறங்குவர் என்ற வினாவையே சுற்றிவருகிறது; ஆனால் அக்கோளை அறுபது ஆண்டுகளாகப் படம்பிடித்தும் அளந்தும் துளையிட்டும் வரும் ஆய்வோ, அங்கிருந்த நீர் எவ்வாறு வற்றியது, வற்றியபோது எவற்றை விட்டுச்சென்றது என்ற, அதைவிட அடிப்படையான வினாவிடமே மீண்டும் மீண்டும் வந்து சேர்கிறது. இவ்வினாவை நூலில் மட்டும் படித்து அறியவேண்டிய நிலையில் வன்னி மக்கள் இல்லை. முத்தையன்கட்டுக் குளத்துக்கு நீரளிக்கும் பேராறு வந்து கலக்கும் நந்திக்கடலும், அக்களப்பின் மேற்குக் கரையில் அமைந்த வற்றாப்பளையைச் சூழ்ந்து கோடையில் உப்புப் பூக்கும் சேற்றுநிலமும், வடக்கே ஆனையிறவு உப்பளமும், இரணைமடுவின் செம்மண்ணும் ஒருசேர அமைந்த இப்பெருநிலம், வேறொரு கோளின் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு வேண்டிய பல சான்றுகளைத் தன்னகத்தே கொண்டுள்ளது. இந்த வாய்ப்பு இதுவரை வகுப்பறைக்குள்ளும் ஆய்வுகூடத்துக்குள்ளும் போதிய அளவு வந்துசேரவில்லை என்பதே இங்கு வருத்தத்தோடு குறிப்பிடவேண்டியதாகும்.

செவ்வாயின் விட்டம் ஏறத்தாழ 6,780 கிலோமீற்றர், அதாவது புவியின் விட்டத்தில் பாதியைச் சற்றே விஞ்சியது. அதன் ஈர்ப்பு புவியீர்ப்பின் 38 வீதம். அதன் நாள் 24 மணித்தியாலத்திலும் சிறிது கூடியதாகவும், அச்சு புவியின் அச்சைப்போலவே ஏறத்தாழ 25 பாகை சரிந்ததாகவும் இருப்பதால், அங்கும் பகலிரவும் பருவங்களும் நமக்குப் பழக்கமான ஒழுங்கிலேயே மாறிமாறி வருகின்றன. ஆண்டு மட்டும் 687 புவிநாள்கள் நீள்கிறது. ஒற்றுமை இவ்வளவே. வளிமண்டலத்தின் 95 வீதம் காபனீரொட்சைட்டாகவும், அதன் அமுக்கம் புவியின் கடல்மட்ட அமுக்கத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவும், சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 60 பாகை செல்சியசாகவும் இருக்கின்ற அவ்வுலகில், திறந்த வெளியில் ஊற்றப்படும் தூயநீர் நிலைத்திருக்க இயலாது. அமுக்கம் அவ்வளவு தாழ்ந்திருக்கையில் நீரின் கொதிநிலையும் உறைநிலையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால், அது பனிக்கட்டியாக உறைந்தோ ஆவியாகவோதான் முடியும்.

இத்தகைய உலகில் ஆறு ஓடியது என்பதை ஏற்றுக்கொள்ள விஞ்ஞானிகளுக்கே காலம் தேவைப்பட்டது. 1877 இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி தொலைநோக்கியில் கண்டதாகக் கருதிய கோடுகளை அமெரிக்கரான பெர்சிவல் லோவெல் அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்று விரித்துரைத்தார். 1965 இல் மரினர் 4 விண்கலம் அனுப்பிய ஏறத்தாழ 22 படங்களில் குழிகள் நிறைந்த பாழ்நிலமே தெரிந்தபோது அக்கற்பனை சிதைந்தது. ஆயினும் 1971 இல் அக்கோளைச் சுற்றத் தொடங்கிய மரினர் 9, கிளைவிட்டுச் செல்லும் வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகளைக் காட்டியது. கால்வாயை வெட்டியவர் எவருமில்லை. ஆனால் ஆறு உண்மையாகவே ஓடியிருந்தது.

அவ்வாறுகள் சென்று தங்கிய இடங்களுள் இன்று மிக நுட்பமாக ஆராயப்படுவன இரண்டு. 2021 பெப்ரவரி 18 அன்று பெர்சிவியரன்ஸ் ஊர்தி இறங்கிய ஜெசரோ என்னும் 45 கிலோமீற்றர் அகலமுள்ள மோதற்குழியில், முந்நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஓர் ஆறு நுழைந்து, விசிறி வடிவில் வண்டலைப் படியவிட்டு, நீர் நிறைந்தபின் எதிர்க்கரையை உடைத்து வெளியேறியது. நீர் வரும் வழியும் வெளியேறும் வழியும் உள்ள ஏரிக்கும், வழி அடைபட்டு உள்ளேயே ஆவியாகி வற்றும் ஏரிக்கும் உள்ள வேறுபாடு பெரியது. மழைக்காலத்தில் வட்டுவாகல் முகத்துவாரம் திறந்து கடலோடு கலப்பதும், கோடையில் மணற்றிட்டு அடைத்துக்கொள்ள உவர்ப்பேறிச் சுருங்குவதுமாகிய நந்திக்கடலில், இவ்விரு நிலைகளையும் ஒரே ஆண்டுக்குள் மாறிமாறிக் காணலாம். மற்றையது, 2012 ஓகஸ்டில் தரையிறங்கிய கியூரியோசிற்றி ஊர்தி 2014 முதல் ஏறிவரும், கேல் மோதற்குழியின் நடுமலையாகும். ஐந்து கிலோமீற்றருக்கும் அதிக உயரமுள்ள அம்மலை, படிவின்மேல் படிவாக, ஓர் உலகம் உலர்ந்த கதையை ஏட்டடுக்குப்போலத் தாங்கிநிற்கிறது.

அக்கதையை வாசிக்கும் இலக்கணம் ஆனையிறவு உப்பளத்தின் இலக்கணமே என்பதுதான் இக்கட்டுரையின் மையக் கருத்து. கடல்நீரைப் பாத்தியில் தேக்கி வெயிலில் வற்றவிடும்போது அதிலுள்ள உப்புகள் யாவும் ஒரே நேரத்தில் படிவதில்லை. நீரில் மிகக் குறைவாகவே கரையும் கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணக்கல்லின் பொருள், முதலில் பிரிகிறது. அடுத்து, தொடக்க அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக நீர் சுருங்கும் கட்டத்தில், கல்சியம் சல்பேற்றும் நீரும் சேர்ந்த ஜிப்சம் படியத் தொடங்குகிறது. பத்தில் ஒரு பங்களவுக்குச் சுருங்கிய பின்னரே கறியுப்பு விளைகிறது. இறுதியில் மகனீசிய உப்புகள் செறிந்த கசப்புநீர் எஞ்சுகிறது. உப்பளத்தில் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றுவதும், விளைபாத்தியிலிருந்து கசப்புநீரை உரிய நேரத்தில் வடித்துவிடுவதும் இந்த ஒழுங்கை ஒட்டியே நிகழ்கின்றன. தவறினால் உப்பு கைக்கும். ஆகவே, ஒரு வறண்ட நிலத்தில் எந்த உப்பு எந்த அடுக்கில் கிடக்கிறது என்று காட்டினால், அங்கே நீர் எவ்வளவு இருந்தது, எந்த அளவுக்கு வற்றியது, இடையில் புதுநீர் வந்து கலந்ததா என்பவற்றையெல்லாம் பின்னோக்கிச் சென்று சொல்லிவிட முடியும்.

கேல் மலையில் நிகழ்ந்துவருவது இதுவே. அடிவாரத்தில் கியூரியோசிற்றி துளையிட்ட சேற்றுப்பாறைகள், உவர்ப்புக் குறைந்த, அமிலமும் காரமும் மிகாத ஏரிநீரில் படிந்த களிமண் கனிமங்களைக் காட்டின. உயரம் கூடக்கூடக் களிமண் குறைந்து, 2022 அளவில் ஊர்தி சென்றடைந்த அடுக்குகளில் மகனீசிய சல்பேற்று முதலியன மிகுந்தன. அவ்வாறு வறண்ட அடுக்குகளுக்கிடையிலும் ஆழங்குறைந்த ஏரியொன்றின் அலைத்தடங்கள் கல்லாகி நின்றமை, உலர்தல் ஒரே சீராக நிகழவில்லை, நீர் போய்ப் போய்த் திரும்பி வந்தது என்பதைப் புலப்படுத்தியது. 2025 இல் வெளியான ஆய்வு, அதே பகுதியில் சிடரைற்று எனப்படும் இரும்புக் காபனேற்று கணிசமாக இருப்பதைக் காட்டி, ஒருகாலத்தில் செவ்வாயைப் போர்த்தியிருந்த காபனீரொட்சைட்டின் ஒரு பகுதி பாறைக்குள் சிறைப்பட்டது என்ற நெடுநாள் ஊகத்துக்கு வலுச்சேர்த்தது. செவ்வாயின் நீர் நமது கடல்நீரன்று. எரிமலைக் கந்தகமும் இரும்பும் மிகுந்த அந்நீரில் சல்பேற்றுகளுக்கே முதலிடம் கிடைத்தது. ஆனால் கரைதிறன் குறைந்தது முதலில் படியும், மிகுந்தது இறுதிவரை நிற்கும் என்னும் விதி இரு கோள்களுக்கும் பொதுவானது.

செவ்வாயின் நிறமும் நீரோடு தொடர்புடையதே. புவியியலாளர் ‘இரணைமடுப் படிவு’ என்று வழங்கும் பழைய செம்மணற் படிவு, கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைமடுவின் பெயரைத் தாங்கி, இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து தென்கிழக்குக் கரைவரை இடையிட்டுக் காணப்படுகிறது. தென்கரையில் இதே வகைப் படிவுகளின் வயது ஓரிலட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டதெனக் கணிக்கப்பட்டு, அவற்றுள் கிடைத்த கல்லாயுதங்களால் இத்தீவின் தொல்மாந்தர் வரலாறும் எழுதப்பட்டது. அம்மணலின் ஒவ்வொரு பருக்கையும் இயல்பில் நிறமற்ற படிகக்கல்லே. அதன்மேல் மெல்லிய தோலாகப் படிந்த இரும்பு ஒட்சைட்டே செந்நிறத்தைத் தருகிறது. செவ்வாயின் தூசியைச் சிவப்பாக்குவதும் இரும்பின் ஒட்சைட்டே என்பது நெடுநாளாக அறியப்பட்டதெனினும், அது நீரற்ற ஹேமரைற்று என்றே பலரும் கருதிவந்தனர். 2025 பெப்ரவரியில் வெளியான ஆய்வோ, குளிர்ந்த நீரில் விரைவாக உருவாகி நீரைத் தன் கட்டமைப்பிலேயே பிடித்துவைத்திருக்கும் ஃபெரிஹைட்ரைற்று என்னும் கனிமமே அத்தூசியோடு நன்கு பொருந்துவதாகக் காட்டியது. இம்முடிவு நிலைபெறுமானால், வெப்பநாட்டு மழையில் சிவந்த வன்னி மண்ணும் குளிர்நீரில் சிவந்த செவ்வாய்த் தூசியும் கண்ணுக்கு ஒன்றாகவும் வேதியியலில் வேறாகவும் நிற்கும். நல்ல பாடமொன்றுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் தேடவேண்டியதில்லை.

நீர் ஏன் போயிற்று என்பதற்குக் கோளின் பருமனே முதற்காரணம். சிறிய கோள் விரைவில் குளிர்கிறது. அதன் உள்ளகத்தில் உருகிய இரும்பின் சுழற்சி தளர, ஏறத்தாழ நானூறு கோடி ஆண்டுகளுக்கு முன் செவ்வாய் தன்னைச் சூழ்ந்திருந்த காந்தப்புலத்தை இழந்தது. காந்தப்புலமற்ற வளிமண்டலத்தை, ஞாயிற்றிலிருந்து இடையறாது வீசும் மின்னேற்றத் துணிக்கைகளின் ஓட்டமான சூரியக்காற்று நேரடியாகத் தாக்கிச் சிறிது சிறிதாக அரித்துச்செல்கிறது. 2014 இல் அங்கு சென்றடைந்த மேவன் விண்கலத்தின் அளவீட்டின்படி, இன்றும் நொடிக்கு ஏறத்தாழ நூறு கிராம் வளி விண்வெளிக்கு இழக்கப்படுகிறது. இளமையில் ஞாயிறு மிகுந்த சீற்றத்தோடிருந்தபோது இழப்பு இதைவிடப் பலமடங்காக இருந்தது. நீர் முழுவதும் அழிந்துவிடவுமில்லை: துருவங்களில் பனிக்கட்டியாகவும், நடுத்தர அகலக்கோடுகளில் மண்ணுக்குக் கீழ் புதைந்த பனியாகவும் அது கிடக்கிறது, 2018 முதல் 2022 வரை செவ்வாயின் நிலநடுக்கங்களைப் பதிவுசெய்த இன்சைற் கலத்தின் தரவுகளை ஆராய்ந்தோர், 10 முதல் 20 கிலோமீற்றர் ஆழத்திலுள்ள பாறைப் பிளவுகளில் திரவநீர் இருக்கக்கூடும் என்று 2024 இல் கூறினர்.

இத்துறையில் தமிழர் பங்கு சிறிதன்று. 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட மங்கள்யான், முதல் முயற்சியிலேயே 2014 செப்டெம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுப்பையா அருணன் அதன் திட்ட இயக்குநராகவும், பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை நிகழ்ச்சித்திட்ட இயக்குநராகவும் பணியாற்றினர். ஏறத்தாழ 450 கோடி இந்திய ரூபாயில் முடிந்த அப்பணியின் கலம், ஆறு மாதங்களுக்கே திட்டமிடப்பட்டும் 2022 வரை நிலைத்தது. பெர்சிவியரன்சோடு சென்று 2021 ஏப்ரல் முதல் 72 தடவை பறந்த இன்ஜெனுவிற்றி என்னும் சிறு உலங்குவானூர்தியின் தலைமைப் பொறியியலாளர் பாப் பலராம், சென்னை ஐ.ஐ.ரி.யில் கற்றவர். மங்கள்யானின் தரவுகள் 2016 முதல் எவரும் பெறக்கூடியனவாக வெளியிடப்பட்டுள்ளன. நாசாவின் ஊர்திகள் அனுப்பும் படங்களும் கனிம அளவீடுகளும் அவ்வாறே இலவசமாகக் கிடைக்கின்றன. முள்ளியவளையிலோ வற்றாப்பளையிலோ இருக்கும் மாணவர் ஒருவருக்கு இணைய இணைப்பும் வழிகாட்டும் ஆசிரியரும் கிடைத்தால், அவற்றைத் திறந்து பார்ப்பதற்குத் தடையேதுமில்லை.

உப்பு செவ்வாயில் வரலாற்றுச் சான்று மட்டுமன்று. அது அங்கு உயிருக்கு வாய்ப்பாகவும் நஞ்சாகவும் ஒருங்கே நிற்கிறது. 2008 இல் வடதுருவத்தை அண்டி இறங்கிய பீனிக்ஸ் கலம், மண்ணில் ஏறத்தாழ அரை வீதம் பெர்குளோரேற்று இருப்பதைக் கண்டறிந்தது. ஒரு குளோரின் அணுவும் நான்கு ஒட்சிசன் அணுக்களும் இணைந்த அயனைக் கொண்ட இவ்வுப்பு, புவியில் ரொக்கெட்டுகளின் திண்ம எரிபொருளில் ஒட்சியேற்றியாகப் பயன்படுகிறது. கல்சியப் பெர்குளோரேற்று செறிந்த உவர்நீர் சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 70 பாகைவரை உறையாதிருக்கும் ஆகையால், இன்றைய செவ்வாயில் திரவநீர் எங்கேனும் சிறிதளவு நிலைக்குமெனில் அது இத்தகைய கடும் உவர்நீராகவே இருக்கும். கடல்நீரை முகந்து அதில் விளக்கேற்றி, காட்டா விநாயகர் ஆலயத்திலிருந்து வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிலுக்கு எடுத்துவந்து வைகாசிப் பொங்கலை நிகழ்த்தும் ஊரில் உப்புநீர் எளிய பொருளன்று. அந்த மதிப்பை விஞ்ஞான ஆர்வமாகவும் வளர்த்தெடுப்பது கல்வியாளரின் கடமை.

1976 இல் வைக்கிங் கலங்கள் செவ்வாய் மண்ணைச் சூடாக்கி உயிர்சார் காபன் சேர்வைகளைத் தேடியபோது குளோரின் கலந்த எளிய சேர்வைகளே தென்பட்டன. அவை புவியிலிருந்து சென்ற மாசு என்று அன்று கருதப்பட்டன. பெர்குளோரேற்று வெப்பத்தில் காபன் சேர்வைகளை எரித்து அத்தகைய எச்சங்களையே தரும் என்பது பின்னர் விளங்கியதால், அன்றைய தீர்ப்பு மீளாய்வுக்குள்ளாயிற்று. 2024 இல் பெர்சிவியரன்ஸ், ஜெசரோவுக்குள் நீர் கொண்டுவந்த நெரெற்வா பள்ளத்தாக்கின் ஓரத்தில், ‘செயாவா ஃபோல்ஸ்’ எனப் பெயரிடப்பட்ட சேற்றுப்பாறையில் கரும் விளிம்புடைய சிறு புள்ளிகளைக் கண்டது. காபன் சேர்வைகளோடு இரும்புப் பொசுபேற்றும் இரும்புச் சல்பைட்டும் அப்புள்ளிகளில் சேர்ந்திருப்பதை 2025 செப்டெம்பரில் வெளியான ஆய்வு விளக்கியது. புவியில் இத்தகைய சேர்க்கையைச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது வழக்கம். உயிரின் தொடர்பின்றியும் அது உருவாகலாம் என்பதால், ஆய்வாளர் ‘உயிர்ச்சுவடாக இருக்கக்கூடியது’ என்ற அளவிலேயே நின்றனர். முடிவு சொல்ல மாதிரியைப் புவிக்குக் கொண்டுவரவேண்டும். அப்பணிக்கு 1,100 கோடி டொலர்வரை செலவாகும், 2040 வரை காத்திருக்கவும் நேரும் என்று நாசாவே 2024 இல் அறிவித்தபின் அது தயங்கி நிற்கிறது. மனிதரை அனுப்புவது பற்றிய ஆரவாரத்தின் நடுவே, குழாயில் அடைக்கப்பட்டு ஆயத்தமாயிருக்கும் இம்மாதிரி கவனிப்பாரற்றுக் கிடப்பது ஏற்கத்தக்கதன்று.

மனித வாழ்வுக்கு வேண்டியவற்றைச் செவ்வாயிலேயே ஆக்கிக்கொள்ள முடியும் என்பதற்குச் சிறு சான்றுகள் உள்ளன. பெர்சிவியரன்சிலிருந்த மொக்சி என்னும் கருவி, காபனீரொட்சைட்டைப் பிரித்து 16 தடவையில் 122 கிராம் ஒட்சிசனை உற்பத்திசெய்தது. முறை மெய்ப்பிக்கப்பட்டது; ஆனால் அவ்வளவு ஒட்சிசன் ஒருவர் மூன்றரை மணித்தியாலம் மூச்சுவிடவே போதும். மண்ணோ தைரொயிட்டுச் சுரப்பி அயடினை உறிஞ்சுவதைத் தடுக்கும் பெர்குளோரேற்றைக் கொண்டிருப்பதால், அதைக் கழுவாமல் பயிரிட இயலாது. செவ்வாய் மண்ணை ஒத்த மண்ணில் நெல்லை வளர்த்த அர்க்கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர், கிலோவுக்கு மூன்று கிராம் பெர்குளோரேற்று இருக்கும்போது எந்த நெல்லும் வளரவில்லை என்றும், அதை ஒரு கிராமாகக் குறைத்தபோது மரபணு மாற்றிய வகையொன்றில் முளையும் வேரும் தோன்றின என்றும் 2023 இல் அறிவித்தனர். கதிர்வீச்சின் நிலை இன்னும் கடுமையானது: கியூரியோசிற்றி தரையில் அளந்த நாளொன்றுக்கான ஏறத்தாழ 0.67 மில்லிசீவேட் என்ற அளவு, புவியில் ஒருவர் இயற்கையாக ஓராண்டில் பெறும் கதிர்வீச்சை நான்கு நாள்களுக்குள் தந்துவிடும்.

குடியேற்றம் என்பது சென்று இறங்குவதோடு முடிவதில்லை என்பதை 2009 க்குப் பின் மீள்குடியேறிய முல்லைத்தீவு மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. கண்ணிவெடி அகற்றி நிலம் விடுவிக்கப்படும்வரை காத்திருந்து, கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, மலசலகூடம் அமைத்து, பாடசாலையை மீளத் தொடங்கி, அழிந்த வயலில் முதற் போகத்தை எடுத்தபின்னரே ஊர் ஊராயிற்று. அப்பணி சில இடங்களில் இன்னும் முடியவில்லை. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில், காரணம் உறுதிப்படாத சிறுநீரக நோயின் அச்சத்தால் ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையத்து நீரை வாங்கிக் குடிக்கும் குடும்பங்கள், நீர் இருப்பதும் குடிநீர் இருப்பதும் வெவ்வேறு என்பதை நாளாந்தம் உணர்கின்றன. காற்றும் மழையும் அயலவரும் உள்ள நிலத்திலேயே இவ்வளவு உழைப்பு வேண்டியிருக்க, 26 மாதங்களுக்கு ஒருமுறையே பயணவாய்ப்புத் திறக்கும் கோளை மனிதகுலத்தின் மாற்றுவீடு என்று விளம்பரப்படுத்துவது பொறுப்பற்ற பேச்சு. அந்தாட்டிக்காவில் உள்ளவற்றைப் போன்ற சிறு ஆய்வுநிலையம் இந்நூற்றாண்டில் அமையலாம், அதை வரவேற்கலாம். புவியைக் கைவிட்டுச் செல்லத்தக்க புகலிடம் அதுவன்று.

வேறொரு முரணும் உண்டு. செவ்வாயில் நுண்ணுயிர் எஞ்சியிருந்தால் அது உவர்நீரோ புதைபனியோ உள்ள இடத்திலேயே இருக்கும். மனிதர் குடியேற விரும்பும் இடமும் அதுவே. மனித உடல் தன்னோடு கோடானுகோடி நுண்ணுயிர்களைச் சுமந்துசெல்வதால், அவர்கள் இறங்கிய கணத்திலிருந்து அங்குக் காணப்படும் எவ்வுயிரும் அங்கே தோன்றியதா, நம்மிடமிருந்து சென்றதா என்ற ஐயம் நீங்காது. விண்வெளியைத் தீங்கான மாசுபடுதலிலிருந்து காக்குமாறு 1967 ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. அவசரப்படும் நாடுகளும் செல்வந்த நிறுவனங்களும் அவ்வுடன்படிக்கையை மதிக்கவேண்டும் என்று கேட்கும் உரிமை, ரொக்கெட் இல்லாத சிறிய நாடுகளுக்கும் உண்டு.

வன்னி செய்யக்கூடிய பணி தெளிவானது, பெருஞ்செலவற்றது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்களும், வவுனியாவில் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனமும் இருக்கின்றன. நந்திக்கடல் சுருங்கும் ஆடி, ஆவணி மாதங்களில் கரையிலிருந்து உள்நோக்கிக் குறித்த இடைவெளிகளில் உப்புப்படிவை அடுக்கடுக்காக எடுத்தும், ஆனையிறவின் பாத்திகளில் படிவனவற்றையும் இரணைமடுச் செம்மணலையும் சேர்த்தும், அவற்றின் கனிமங்களை எக்ஸ் கதிர்களால் இனங்காணும் தொகுப்பொன்றை அவை உருவாக்கலாம். கியூரியோசிற்றியும் அதே எக்ஸ் கதிர் முறையையே கையாள்வதால் இரண்டையும் நேரடியாக ஒப்பிட இயலும். உமரி வேர்விடும் உவர்நிலத்தில் வாழும் நுண்ணுயிர்களையும், எவ்வளவு உப்பில் அவை ஓய்ந்துபோகின்றன என்பதையும் அதனோடு பதிவுசெய்யலாம். மாதிரி எடுக்கும் பணியில் கரைத்துறைப்பற்றுப் பாடசாலைகளின் உயர்தர மாணவரைச் சேர்த்துக்கொண்டால், களப்புநீரின் உவர்ப்புப் பற்றி மீனவருக்கும் விவசாயிக்கும் பயன்தரும் ஆண்டுத் தரவும் அதே உழைப்பிலேயே கிடைத்துவிடும். செவ்வாயின் சிறிய மோதற்குழிகளுக்கு, ஓரிலட்சத்துக்கும் குறைந்த மக்கள்தொகையுள்ள ஊர்களின் பெயரைச் சூட்டுவது பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் வழக்கம். அப்பெயர்கள் அவ்வூர்களைச் சிறப்பிப்பதற்காக அளிக்கப்படுவனவல்ல. ஒரு குழியை ஆராய்பவருக்கு அதைக் குறிப்பிடப் பெயரொன்று தேவைப்படும்போதே அவை சூட்டப்படுகின்றன. வற்றாப்பளை என்ற பெயர் அங்கு செல்லவேண்டுமெனில், அக்குழிகளுள் ஒன்றின் உப்பை ஆராயும் கட்டுரை முதலில் இங்கிருந்து எழுதப்படவேண்டும்.